கொண்டை ஊசி வளைவில் திரும்பாத பஸ்

1. புதன்கிழமை மாலை

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காட்டில் ஒரு ஹோம்ஸ்டே திறப்பு. அதன் முன்ஹாலில் மாட்ட வேண்டிய ஐந்தடி ஆயில் பெயின்டிங் என் வீட்டில் ஈஸலில் இருந்தது. பண்ணைக்காட்டுக்குப் போகும் மலைச்சாலை, அதில் உள்ள ஒரு கொண்டை ஊசி வளைவு, அதில் ஏறி வரும் பஸ். கையெழுத்தும் போட்டுவிட்டேன். அப்போதுதான் என் மாணவர் சவரிமுத்து வந்து பார்த்தார்.

சவரிமுத்து முப்பது வருஷம் அந்த ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வட்டக்கானலில் நான் சனிக்கிழமைகளில் எடுக்கும் வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்து ரெண்டு மாசம். என்னைவிட மூத்தவர், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பர்தான். பனி வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். அவருக்கு அது மட்டும் வரவில்லை. பனிக்குள்ளும் ரோட்டோரத்தை அழுத்திப் போட்டுவிடுவார்.

அன்று ரொம்ப நேரம் படத்தின் முன் நின்றார். பஸ் ஏறுதா, இறங்குதா என்று கேட்டார். ஏறுது என்றேன்.

"அப்ப பள்ளத்துல போயிரும் டீச்சர். வளைவு பத்தாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இது பெயின்டிங், எஞ்சினியர் பிளான் இல்லை என்று காரமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாளைக்கு வெள்ளனே முதல் பஸ்ஸில் அந்த வளைவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார்.

2. வளைவு

போனோம். வளைவு என் படத்தில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு அகன்று, உள்பக்கம் சரிந்து கிடந்தது. ஏறுகிற வண்டியை எங்கே அகட்டி எடுக்க வேண்டும் என்று சவரிமுத்து நடந்தே காட்டினார். நான் ஸ்கெட்ச் எடுத்த அன்று அந்த இடத்தைப் பனி மூடியிருந்தது. அதைப் பனியாகவே விட்டிருக்கலாம். வகுப்பில் அதைத்தானே சொல்லித்தருகிறேன்? வீட்டில் உட்கார்ந்து ஊகித்து வரைந்துவிட்டேன். இதை அவரிடம் ஒப்புக்கொண்டபோது வெட்கமாக இருந்தது.

3. பேக்கரிச் சுவர்

பெயின்டிங் நைஃபால் படத்தில் இருந்த ரோட்டைச் சுரண்டி எடுத்தேன். இந்தக் குளிரில் ஆயில் காயப் பத்து நாளாவது ஆகும். அதனால் புது வளைவை டர்பன்டைன் கலந்து மெலிசாகப் பூசினேன். சீக்கிரம் காய்கிற அம்பர் என்ற பழுப்பு நிறத்தைத்தான் அதிகம் சேர்த்தேன். அப்படியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரலில் ஒட்டியது. சவரிமுத்து பக்கத்து பேக்கரி பாயிடம் பேசினார். அடுப்புச் சுவரை ஒட்டிய அறையில் பெயின்டிங் ஒன்றரை நாள் நின்றது. ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. பன் வாசனைதான் போகவில்லை.

திறப்பு விழாவில் ஹோம்ஸ்டே முதலாளி படத்தைப் பார்த்து, மேகம் பிரமாதம் என்றார். ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு சவரிமுத்து மட்டும் படத்தின் முன் நின்றார். அவருடைய வலது கால் தரையை மெல்ல அழுத்தியது, பிறகு விட்டது.

"திரும்பிருச்சு டீச்சர்," என்றார்.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் முன்னால் வரைந்திருக்கிறீர்களா என்று நான் கேட்பதில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறேன். போன மாசம் சேர்ந்த நர்ஸ் அம்மா, தூரத்து மலைக்கான நீலத்தை முதல் நாளே சரியாகக் கலந்துவிட்டார். எப்படி என்றேன். கையைத் திருப்பி மணிக்கட்டு நரம்பைக் காட்டினார்.