மைனஸ் போட்ட 'அ'

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த சின்ன கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலைதான் பெரிய வாடிக்கை. தொண்ணூறுகளின் நடுவில், அதன் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் ஷிப்ட் பட்டியலைத் தமிழில் அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். முதல் பட்டியல் ஒட்டுவதற்குள் அவர்கள் கம்ப்யூட்டரையே மாற்றிவிட்டார்கள். பழையதை இயக்கியதும் யூனிக்ஸ், புதியதை இயக்கியதும் யூனிக்ஸ். "திரும்ப கம்பைல் பண்ணா ஓடிரும்" என்று வாயை விட்டிருந்தேன்.

என் அக்கா அந்தத் தொழிற்சாலையில்தான் பேக்கிங்கில் இருந்தாள். அதுவரை போர்டில் இருந்தது இங்கிலீஷ். அவளுக்கு அது வராது. ஒருமுறை யாரோ விளையாட்டுக்கு ஷிப்டை மாற்றிச் சொல்ல, அண்ணனூர் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பிப் போய், கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில், நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், புது மெஷினில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓடவிட்டதும் புரோகிராம் பாதியில் செத்துப்போனது. எங்கள் கம்பெனியிலிருந்து கூட வந்திருந்த ஆவடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இங்கிலீஷ் பேரு குட்த்தா ஒயுங்கா அடிக்குது, தமிழ் பேரு குட்த்தா பட்த்துக்குது. வெள்ளக்கார மெஷினு போலக்கீது."

எங்கள் மேனேஜர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை பழைய மெஷினை எடுத்துட்டுப் போறாங்க. தமிழை விட்ரும்மா. இங்கிலீஷ்லயே அடிச்சிக் குடுத்துரலாம்."

அக்காவை நினைத்து எனக்குச் சுருக்கென்றது. அதோடு, ஏன் இப்படி என்று தெரியாமல் சோறு இறங்காது போலிருந்தது. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்தான்; 'அ'வுக்கு என்ன எண் என்று இரண்டு மெஷினையும் கேட்டுப் பார்த்தேன். பழையது 171 என்றது. புதியது மைனஸ் 85 என்றது.

இங்கிலீஷ் எழுத்துகள் 127க்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் காலியாக இருந்த இடத்தில் நாங்கள் தமிழை உட்கார வைத்திருந்தோம். அந்த இடத்தைப் புது மெஷின் கழித்தல் கணக்கில் படித்தது; மைனஸ் எண்ணில் எழுத்தைத் தேடப் போன புரோகிராம், இல்லாத இடத்தில் போய் விழுந்தது. இதில் எது சரி என்று சி மொழிப் புத்தகத்தைப் புரட்டினால், அது அந்தந்த மெஷின்காரர் இஷ்டம் என்று போட்டிருந்தது. இப்படியும் விடுவார்களா என்று வாய்விட்டுச் சிரித்தேன். மைனஸ் குறி வேண்டாம் என்று சொல்லும் 'அன்சைன்ட்' என்ற சொல்லை எழுத்துகளைக் கையாளும் இடங்களில் சேர்த்து, மறுபடி கம்பைல் செய்தேன். பிரின்டர் தமிழில் கீச்சிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட்டு."

"யார் சொன்னது?"

"யார்னா சொல்லணுமா இன்னா? நானே பாத்துக்கினேன்."