சுவரில் ஏறிய கை

வடகரப்பதி ஊரில் எங்கள் குடும்பத்தில் எலும்பு முறிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். அது வெளியே தெரிந்தால்தான் பொறுக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், வண்டிமாடு முட்டித் தள்ளி என் வலது தோள் முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியர் நாற்பது நாள் அசைக்காதே என்றார். எங்கள் ஆட்கள் பாசக்காரர்களாயிற்றே, மூன்று மாதமாக்கிவிட்டார்கள். சோற்றைக்கூடப் பிசைந்து ஊட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கைதான் மார்புக்கு மேல் எழவில்லை.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். பெண்ணின் கழுத்தைச் சுற்றித் தாலியைக் கொண்டுபோக இரண்டு கையும் வேண்டும். சபை நடுவே கை பாதியில் நின்றுவிட்டால்?

பெரியப்பா கண்ட வைத்தியம் ஒரு துண்டு.

"தோள்ல மடிச்சுப் போட்டுக்கடா. பொண்ணூட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். தாலி முடிச்ச உன்ற அக்கா போட்டுக்குவா."

ஒரு முழத் துணியால் மானத்தை மூடிவிடலாம் என்று நம்பிய மகா புத்திசாலி.

நான் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற ஓர் அம்மா என் தோளை அமுக்கிப் பார்த்தார்.

"எலும்பு எப்பவோ கூடியாச்சுங்க. அசைக்காம வெச்சுத்தான் இறுகிப்போச்சு" என்றார்.

முதலில் வெந்நீர் ஒத்தடம். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒவ்வொன்றாக வைத்துக் கையை மேலே ஏற்ற வேண்டும். வலிக்கிற இடத்தில் மூச்சை விட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டும். பயந்து இறங்கிவிடக் கூடாது. இவ்வளவுதான் மருந்து. இதைச் சொல்ல எங்கள் சொந்தத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

வீட்டில் தினமும் கை எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டேன்.

"கல்யாணத்துக்கு வெள்ளையடிச்ச சுவத்துல பல்லியாட்ட ஊர்றானே!" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். யாரும் பார்த்துவிடாதபடி கதவைச் சாத்திவிட்டும் போனார். முதல் வாரம் கோடு அசையவே இல்லை. ஆவணி பிறந்தபோது நெற்றியைத் தாண்டியிருந்தது.

முகூர்த்தத்தில் துண்டை எடுத்து வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். தோள் சுரீரென்றது. மூச்சை விட்டு நின்றேன். கை மேலே போயிற்று. முதல் முடிச்சு நான் போட்டதுதான். பெண் மட்டும் நெற்றி முழங்காலில் முட்டுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். என்ன அடக்கம் என்று பெரியப்பா பூரித்துப்போனார்.

சாயங்காலம் அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"உங்களுக்குக் கை எந்திரிக்காதுன்னு சந்தையில எல்லாரும் பேசிக்கிட்டாங்களாங்க. சபையில உங்க மானம் போயிரக் கூடாதுன்னு, ஒரு மாசமா எங்கூட்டுல என்னயக் குனியப் பழக்கிப்போட்டாங்க. இப்ப நிமிர வரமாட்டேங்குதுங்க."