போன் மட்டும் இருக்கட்டும்

லைன்மேன் ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் தாமிரக் கம்பியோடு குப்பை கொட்டியவர். ஆளும் கம்பி மாதிரிதான் இருப்பார். அண்ணன் பிள்ளைகளுக்கு அவர் கம்பிச் சித்தப்பா.

அண்ணன் வீட்டு மாடியறையில்தான் வாசம். கல்யாணமான இரண்டாம் வருஷம் தாய்வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. அடிதடி, சண்டை எதுவும் கிடையாது. "இவர் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்று பெரியவர்கள் முன்னால் சொன்னாளாம். அதில் பொய்யில்லை என்பதால் லைன்மேனும் மறுத்துப் பேசவில்லை. முறைப்படி பிரிந்தார்கள்.

ஆனால் பேசாதவர் தினமும் பேசிய ஒரு ஆள் இருந்தாள்.

அந்தக் காலத்தில் ஒரு லைனைச் சரிசெய்தால், தெருமுனைப் பெட்டியைத் திறந்து, கொக்கி வைத்த டெஸ்ட் போனை மாட்டி, எக்ஸ்சேஞ்சின் மூன்றாம் மாடியில் இருந்த டெஸ்ட் ரூமைக் கூப்பிட வேண்டும். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து அந்த ஜோடிக் கம்பியை அளந்து பார்த்துச் சொல்வாள். லைன்மேன்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். இவர் பதினேழு. அவள் எல்லாருக்கும் டெஸ்ட் மேடம். "பதினேழு பேசறேன் மேடம், பாருங்க" என்பார் இவர். ஒரு நிமிஷம் போல மௌனம். பிறகு "சுத்தம்" என்பாள். லைன் நன்றாக இருக்கிறது என்பதற்கு மற்றவர்கள் ஓகே என்றபோது அவள் மட்டும் சுத்தம் என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில், அவள் சொல்லுக்காக ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கும்போது, தெருவில் போகிற லாரிச் சத்தம்கூட அவருக்குக் கேட்காது.

இப்படியே பத்தொன்பது வருஷம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை. நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை ஏதோ ரிஜிஸ்டரைக் கொடுக்கிற சாக்கில் மூன்றாம் மாடி ஏறினார். அன்றைக்கென்று பார்த்து அவள் லீவு. அவள் நாற்காலியின் முதுகில் ஒரு நீலச் சால்வை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். மறுபடி ஏற வேறு சாக்கு அகப்படவில்லை.

பிறகு அளக்கிற வேலைக்கு மெஷின் வந்தது. டெஸ்ட் ரூம் மாதக் கடைசியோடு மூடப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதி இவர் கூப்பிட்டபோது பதிவுசெய்த குரல் ஒன்று, எண்ணை அழுத்துங்கள் என்றது. அது நடந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

இப்போது அவர் கைக்கு வரும் சீட்டுகள் பெரும்பாலும் கழற்றுகிற வேலைக்குத்தான். ஊரெல்லாம் ஃபைபர். தெருத்தெருவாகப் புதுக் கம்பெனிக்காரர்கள் வந்து வலைவிரித்ததில் தாமிர லைன் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்தத் திங்கட்கிழமை வந்த புகார்ச் சீட்டு அவருக்கே புதிதாக இருந்தது. இன்டர்நெட்டை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்ட ஒரு வீடு. போன் மட்டும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தும், இரண்டையும் சேர்த்துத் துண்டித்துவிட்டார்களாம். மூன்றாவது முறையாகப் புகார்.

கதவைத் திறந்தவள் முப்பது வயதுப் பெண். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவள். பழைய இன்டர்நெட் மீட்டிங் நடுவில் நின்று நின்று போய், மேலதிகாரி முன்னால் வாயைத் திறந்தபடி உறைந்துபோனதுதான் மிச்சம் என்றாள். அதனால் புதுக் கம்பெனிக்கு மாறினாள். மாறும்போதே பழைய கம்பெனியில் படித்துப் படித்துச் சொன்னாள், நெட்டை மட்டும் எடுங்கள், போனைத் தொடாதீர்கள் என்று. அங்கே இருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே மொத்த இணைப்பையும் மூடிவிட்டார். போன் செத்து ஒன்பது நாள்.

"புதுக் கம்பெனியிலயே ஒரு போன் தர்றாங்களே?" என்று கேட்டார் லைன்மேன்.

அது தன் அத்தைக்கு ஒத்துவரவில்லை என்றாள் அவள். அப்பாவின் அக்கா, இந்த வீட்டுக்காரி. காதுக்கு மெஷின் வைத்திருக்கிறாள். பழைய போனின் ரிசீவரை அந்த மெஷினோடு சேர்த்து வைத்தால் மணிமணியாகக் கேட்குமாம். செல்போனும் புதுப் பெட்டியில் மாட்டுகிற போனும் தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

அப்போது உள்ளே இருந்து அந்த அத்தை வந்தாள். அறுபதைத் தாண்டியவள். முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். வந்ததும் வராததுமாக, "எக்ஸ்சேஞ்ச்ல இந்த லைனோட ஜம்பர் கம்பியையே உருவியிருப்பாங்க. பெட்டியில டோன் இருக்கான்னு பாத்தீங்களா?" என்றாள்.

லைன்மேன் நிமிர்ந்து பார்த்தார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கேள்வியின் கடைசி எழுத்தை லேசாக இழுத்து விடுகிற அந்தப் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. டெஸ்ட் மேடமேதான்.

"இன்னும் பாக்கலை மேடம்" என்றார்.

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. முகத்தைத் தூக்கிச் சொல்லுங்க."

மறுபடி சொன்னார். சரி என்று தலையசைத்தாள். யாரோ ஒரு லைன்மேனைப் பார்க்கிற பார்வை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பத்தொன்பது வருஷம் குரலால் மட்டுமே தெரிந்த ஆளை எந்த முகத்தைக் கொண்டு அடையாளம் காண்பாள்? நான்தான் பதினேழு என்று சொல்லிவிடலாம். அது அவள் காதில் விழாமல், என்ன, என்ன என்று கேட்டு, மருமகள் நடுவில் புகுந்து கத்திச் சொல்லி… நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிவிட்டார்.

ஆபீசில் வேறு கதை சொன்னார்கள். மூடிய தாமிர இணைப்பைத் திரும்பத் தருவதில்லை என்பது இப்போதைய உத்தரவு. பதினைந்து நாளுக்குள் அதிகாரி கையெழுத்துப் போட்டால் மட்டும் உயிர் கொடுக்கலாம். அதற்குப் பிறகு நம்பரே அழிந்துவிடும். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியோ வேறு கட்டடத்தில்.

தனக்காக ஒரு நாளும் யார் மேஜை முன்னாலும் நிற்காத மனிதர், அந்த வாரம் மூன்று தடவை அந்தக் கட்டடத்துக்கு நடையாய் நடந்தார். முதல் நாள் அதிகாரி கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் நாள் காகிதத்தில் ஒரு முத்திரை குறைந்தது. மூன்றாம் நாள் அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"ஒத்தை லேண்ட்லைனுக்கா இவ்வளவு அலைச்சல்? உங்க சொந்தக்காரங்களா?"

"ஆமா சார்" என்றார் லைன்மேன்.

சொன்ன பிறகு காது மடல் சுட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை எக்ஸ்சேஞ்சில் ஜம்பர் கம்பியைத் தானே இழுத்து முடுக்கினார். பிறகு அவள் தெரு முனைக்கு வந்து பெட்டியைத் திறந்து, துருப்பிடித்த முனைகளைச் சுரண்டினார். அவள் ஜோடியில் டோன் வந்தது. பக்கத்தில் ஊழியர்களுக்கென்று விட்டிருந்த ஜோடியில் கொக்கியை மாட்டி, அவள் நம்பரை அழுத்தினார். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"ஹலோ?"

"லைன் வந்திருச்சு, பாருங்க" என்றுதான் சொல்ல நினைத்திருந்தார். வாய் பழைய தடத்திலேயே போய்விட்டது. "பதினேழு பேசறேன் மேடம், பாருங்க."

மறுமுனையில் மௌனம். ஒரு பால்காரர் சைக்கிளில் மணியடித்தபடி அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

"பதினேழா?" என்றாள். பிறகு, "அன்னிக்கு வீட்டுக்கு வந்தது நீங்கதானா? ஏன் சொல்லலை?"

"சொன்னா கேக்குமான்னு தெரியலை."

"இதுல நல்லாக் கேக்குது" என்றாள். "டெஸ்ட் ரூம் மூடின அன்னிக்கு, எல்லாரும் ஒரு தடவையாவது கூப்பிட்டு வரேன் மேடம்னு சொன்னாங்க. பன்னெண்டு, ஒம்பது, அந்த வாயாடி இருபத்திரெண்டு, எல்லாரும். நீங்க மட்டும்தான் கூப்பிடலை. அஞ்சரை வரைக்கும் ஹெட்போனைக் கழட்டாம உக்காந்திருந்தேன்."

லைன்மேன் பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு என் ஏரியாவுல ஒரு லைனும் கெடலை மேடம்."

"ஒண்ணைப் பிடுங்கி விட்டிருக்கலாம்ல?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷமாக இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். வேலையாக வேண்டாம், சும்மா வாருங்கள் என்றாள். சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டவரை அண்ணி ஓரக்கண்ணால் பார்த்தாள், கேட்கவில்லை. போனார். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீ வந்தது. எட்டு மாசத்தில் ரிட்டயர் ஆகிறேன் என்று சொன்னார். "டயரா? பஞ்சரா?" என்று கேட்டாள் அவள். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மருமகள் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, ரிட்டயர் அத்தை, ரிட்டயர் என்று உரக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் அவர் உதட்டைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனாள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார்.

அண்ணன் வீடு அங்கிருந்து மூன்று தெரு தள்ளி. மாடியறைக்கு ஏறினதும் செல்போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். கூடத்தில் சொல்ல வைத்திருந்ததைச் சொன்னார். ஒரு நாள் மழை. ஏணி மேல் இருந்து கூப்பிட்டபோது, "மழைச் சத்தம் கேக்குது, முதல்ல கீழ இறங்குங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். அதை நான் மறக்கவே இல்லை.

அவள் யோசித்தாள். "எனக்கு ஞாபகம் இல்லையே. மழைன்னா எல்லாரையும் இறங்கத்தான் சொல்லுவேன்."

"ஓ" என்றார்.

"ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு ஒரு வாரம் விடாத இருமல். அப்புறம் ரெண்டு நாள் ஆளையே காணோம். பன்னெண்டுகிட்ட கேட்டேன், பதினேழு எங்கன்னு. நல்லாத்தான் இருக்கான், படுத்திருக்கான்னார். கேட்டேன்னு சொல்லச் சொன்னேன்."

"அவன் எங்கிட்ட சொல்லவே இல்லை."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள்.

ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிறு தவறுவதில்லை. அவள் பேப்பர் படிப்பாள், இவர் ஜன்னல் தாழ்ப்பாளையோ சுவிட்சையோ சரிபார்ப்பார். நாலு வார்த்தைக்கு மேல் பேச்சு இருக்காது. இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அவள் சொல்வாளோ என்று ஒவ்வொரு முறை செருப்பு மாட்டும்போதும் ஒரு கணம் தாமதிப்பார். அவள் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. இருவருக்கும் அதை நேரில் சொல்லத் தெரியவில்லை; போனில் சொல்லலாம் என்றால், அதைப் போனில் சொல்வதா என்றிருந்தது.

திரும்பி வருகிற மூன்று தெருவையும் அவர் வேகமாக நடப்பார். ஒரு ஞாயிறு, ஏறினதும் ஏறாததுமாகப் போனை எடுத்தவரிடம், துணி எடுக்க மாடிக்கு வந்த அண்ணி கேட்டேவிட்டாள்.

"இப்பதானே அங்கிருந்து வர்றீங்க. அதுக்குள்ள என்ன பேச்சு?"

அவர் கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்க அண்ணி என்று ஜாடை காட்டினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.