ரெண்டுதரம் குத்திய புள்ளி

அந்தத் தெரு மெக்கானிக்கை எல்லாரும் 'ரெண்டுதரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நட்டையும் ரெண்டு தரம் முறுக்கிப் பார்ப்பான், எந்தப் பூட்டையும் ரெண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை உலுக்குவான். "விடுங்க, பாவம், பூட்டுக்கு வலிக்கப் போகுது" என்பாள் மனைவி. சிரிப்பாளே தவிர அவளுக்கும் காரணம் தெரியும்.

வேலை பழகிய காலத்தில் அவன் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டான். ஷெட்டுக்குள் வந்துகொண்டிருந்த லாரியில், இன்ஜின் பின்னால் சுழலும் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம் போல்ட் அறுந்து கழன்று, மூடியைப் பிளந்து, தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. டிரைவர் உயிர் பிழைத்தான், வலது பாதம் பிழைக்கவில்லை. ரெண்டுதரம் அன்றிலிருந்து பயந்த மனுஷன். பயத்தை அவன் மறைத்ததும் இல்லை, வெட்கப்பட்டதும் இல்லை. எனக்குத் தெரிந்து, பயத்தையே ஒரு ஸ்பேனர் மாதிரிக் கையில் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தியவன் அவன் ஒருவன்தான்.

அவன் தங்கை ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். வேனை வாங்கிய நாளில் அவன் போட்ட ஒரே நிபந்தனை, தன் மகள் எங்கே உட்கார வேண்டும் என்பது. "கதவுப் பக்கம் வேண்டாம். ஜன்னல் பக்கம் வேண்டாம். உன் பக்கத்துலயே, நடுவுல உட்கார வை. உன் கண்ணு அவ மேலயே இருக்கணும்." தங்கை தலையாட்டினாள். அந்த வேனில் இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. நடுவில் மேடாக ஒரு மூடி, அதன் மேல் ஒரு சின்ன மெத்தை. அங்கேதான் குழந்தை தினமும் போய் வந்தாள்.

சில மாதங்களுக்கு முன்னால் இன்ஜினின் பின்பக்கம் எண்ணெய் கசிந்தபோது அவன்தான் ஃப்ளைவீலைக் கழற்றி, ஆயில் சீல் மாற்றி, திரும்பப் பூட்டினான். அதற்குப் பிறகு வேன் அவன் ஷெட் பக்கமே வரவில்லை. நல்லா ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அன்று காலை ட்ரிப்பை முடித்துவிட்டுத் தங்கை நேராக ஷெட்டுக்கு வந்தாள். முகமே சரியில்லை.

"கிளட்ச் பெடல் நடுங்குதுண்ணா. இன்னிக்கு என் காலையே எட்டி உதைக்குது."

"எப்பலேர்ந்து?"

அவள் தரையைப் பார்த்தாள். "கொஞ்ச நாளாவே. வேற மெக்கானிக்கிட்ட காட்டி கிளட்ச் பிளேட்டெல்லாம் மாத்திட்டேன். அப்பவும் போகல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய ஒரு வாரம் நிறுத்தி வச்சிடுவியே! சின்னதா ஒரு சத்தம்னாலும் உனக்கு உலகமே இடிஞ்சு விழற மாதிரி. இப்பவும் பாரு, மதியம் பிள்ளைங்கள வீட்டுல விடணும். அந்த ஒரு ட்ரிப் முடிச்சிட்டு வந்து விட்டுட்டுப் போறேன். சரியா?"

சொந்தத் தங்கையே தன் பயத்துக்குப் பயந்து வேறு ஆளிடம் போயிருக்கிறாள் என்பது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ரோஷத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்காமலேயே "சரி, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டான். அவள் சாவியைத் திருப்பினாள். வேன் உறுமியது. அவனால் தாங்க முடியவில்லை.

"இரு, இறங்கு. ஒரே ஒரு தடவை பெடல்ல கால் வச்சுப் பார்த்துக்கறேன்."

வண்டி நியூட்ரலில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. பெடலை மிதிக்காமல் சும்மா பாதத்தை அதன் மேல் வைத்தான். படபடவென்று தட்டியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினான். இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப அந்தத் தட்டலும் வேகமெடுத்தது. கிளட்ச் பிளேட் கெட்டிருந்தால் வண்டி கிளம்பும்போதுதான் உதறும். நிற்கும் வண்டியில், இன்ஜின் தாளத்துக்கே பெடல் துள்ளுகிறதென்றால், உள்ளே ஃப்ளைவீலே கோணலாகச் சுற்றுகிறது. ஒன்று, அதைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ளைவீல் அதன் மேல் சரியாக உட்காராமல் இருக்க வேண்டும்.

இன்ஜினை அணைத்துச் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அண்ணா, என்ன இது? மதியம் பிள்ளைங்க..."

"பக்கத்து வேன்காரர்கிட்ட சொல்லு. இது நகராது." அவள் போனை எடுத்தாள்.

கியர் பாக்ஸை ஜாக் வைத்து இறக்கினான். கிளட்சைக் கழற்றி எடுத்தான். மயிரிழைக் கோணலையும் முள்ளால் காட்டிக்கொடுக்கும் டயல் கேஜின் காந்தக் காலை இன்ஜின் மேல் ஒட்டவைத்து, அதன் முனையை ஃப்ளைவீலின் விளிம்போரம் தொடவிட்டான். "முன்னாடி போய் ஸ்பேனர் போட்டு மெதுவா சுத்து" என்றான். அவள் சுற்றினாள். கிராங்க் முன்னும் பின்னும் நகர்ந்து கணக்கைக் கெடுத்துவிடாதபடி அவன் ஒரு கையால் ஃப்ளைவீலை உள்பக்கமாகவே அழுத்திப் பிடித்திருந்தான். அசைகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான் முள் அசைய வேண்டும். அது ஆளைப் பார்த்து மிரண்ட கோழி மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது.

"கிராங்க் போச்சாண்ணா? இன்ஜினையே பிரிக்கணுமா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வேன் நின்றால் வீட்டு வருமானமும் நிற்கும்.

அவன் ஃப்ளைவீலைக் கழற்றப் போல்ட்டில் ஸ்பேனர் வைத்தான். முறுக்கிய கை இவனுடையது, எத்தனை இறுக்கம் இருக்க வேண்டும் என்று இவனுக்குத் தெரியும். தொட்டதுமே திரும்பியது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்த போல்ட்டுக்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் தொட்டான், அதன் தலை மட்டும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

மதியம் ஒரு ட்ரிப். 'சரி, போயிட்டு வா' என்று வாய் சொல்லிவிட்டதே! மிச்சமிருக்கும் போல்ட்டுகள் வழியில் அறுந்திருந்தால் அந்தச் சக்கரம் எங்கே வந்திருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தான். நேர் மேலே, வேனின் நடுவில், அந்தச் சின்ன மெத்தை இருந்தது. அவனே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம்.

கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு ஃப்ளைவீலைக் கழற்றி இறக்கினான். அது உட்காரும் கிராங்க்கின் முகத்தில் கேஜை வைத்துச் சுற்றச் சொன்னான். முள் அசையாமல் நின்றது. "கிராங்க் நல்லா இருக்கும்மா" என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது முள் ஓரிடத்தில் துள்ளிவிட்டு மறுபடி அடங்கியது.

துணியால் துடைத்துவிட்டு விரலை வைத்துத் தடவினான். ஒரு சொரசொரப்பு. டார்ச்சைப் பிடித்தான். வழவழப்பான அந்த முகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு குழிகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் இரும்பு பிதுங்கி எழும்பியிருந்தது.

ஃப்ளைவீல் பழைய இடத்திலேயே திரும்ப உட்கார வேண்டும் என்பதற்காகக் கழற்றும்போது 'பஞ்ச்' என்கிற கூர் முனை உளியால் ஓர் அடையாளப் புள்ளி குத்துவது வழக்கம். விளிம்பின் வெளிப்பக்கத்தில் குத்துவார்கள். அவனும் அங்கே குத்தினான். அப்புறம் பயம் வந்தது. எண்ணெய் படிந்து அந்தப் புள்ளி தெரியாமல் போனால்? ஃப்ளைவீல் கைக்கு வந்த பிறகு, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் இந்த முகத்திலும் ஒன்று குத்தினான். ஆழம் போதுமா என்று சந்தேகம் வந்து, பக்கத்தில் இன்னொன்றையும் ஓங்கிக் குத்தினான். அந்த மயிரிழை மேடுதான் ஃப்ளைவீலை ஒரு பக்கம் தூக்கி நிறுத்தி, சுற்றச் சுற்றப் போல்ட்டுகளைத் தின்றிருக்கிறது.

தங்கை எட்டிப் பார்த்தாள். புள்ளியை ரெண்டாகக் குத்துகிற ஆள் ஊரிலேயே ஒருத்தன்தான்.

"நான்தாம்மா" என்றான். "என் பயம்தான்."

"நானும் உடனே வந்து சொல்லியிருக்கணும்ணா" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சாணைக் கல்லால் அந்த மேட்டை அவன் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வேன் வந்து நின்றது. மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அத்தை, நம்ம வேன் எப்ப வரும்? அந்த வேன்ல ஒண்ணுமே ஆடல, போர்!"

"நம்ம வேன்ல என்ன ஆடும்?" என்று கேட்டான் அவன்.

"என் சீட்டுதான். கிச்சுகிச்சு மூட்டும். முதல்ல கொஞ்சமா மூட்டுச்சு, அப்புறம் நிறைய. இன்னிக்குக் காலைல உட்காரவே முடியல, அவ்வளவு சிரிப்பு."

அவன் கையிலிருந்த கல் நின்றுவிட்டது. "அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா அத்தை வண்டில போக வேணாம்னு சொல்லிடுவீங்களே."

தங்கை அவனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் மகளை அருகில் இழுத்து, கிரீஸ் ஒட்டாமல் புறங்கையால் அணைத்துக்கொண்டான்.

"இனிமே ஏதாவது ஆடினா, சத்தம் வந்தா, உடனே என்கிட்ட சொல்லணும். அப்பா திட்ட மாட்டேன்."

"வண்டிய நிறுத்திடுவீங்களா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு எவ்வளவோ ஆசைதான். கழன்று விழுந்த போல்ட்டின் தலை சட்டைப் பைக்குள் கனத்தது.

"நிறுத்துவேன்" என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சொல்ல மாட்டேன்" என்று சிரித்தபடி அவன் பிடியிலிருந்து நழுவி, வேனுக்குள் ஏறி, அந்தச் சின்ன மெத்தையின் மேல் போய் உட்கார்ந்தாள்.