காலியாகத் திரும்பிய சிவப்பு டப்பா

வேலையிடத்தில் என் அத்தானுக்கு ரூல்தடி என்று பெயர். அவர் அடித்த பைப் ஒரு நூல்கூடச் சாயாது. மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால் முறைப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் இந்தக் காரியத்தைச் செய்தார். உடந்தை நான்.

நான் பெயிண்டர், அவர் ஒயர்மேன். போன வருடம் இந்த மருத்துவமனைக் கட்டடத்தில் இருவருக்கும் வேலை. இங்கே தீயைத் தடுக்கும் சுவர்கள் உண்டு. ஒரு பக்கம் பற்றினால் மறுபக்கத்தை இரண்டு மணி நேரம் காப்பாற்றும். ஆனால் ஒயர் போக அதில் ஓட்டை போட்டாக வேண்டும். அந்த ஓட்டையைச் சூடு பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் சிவப்புப் பசையால் நிரப்ப வேண்டும். பரிசோதனைக்கு முந்தின நாள் பசை தீர்ந்துபோனது. காண்ட்ராக்டர் உடனே முடிக்கச் சொல்லி அத்தானின் உயிரை எடுத்தார். அவரும் மிச்ச ஓட்டைகளில் கதவுச் சட்டத்துக்கு அடிக்கும், தீ பட்டால் எரிந்துபோகும் மஞ்சள் நுரையை அடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், சிவப்பு பெயிண்ட் இருக்கா? பசை வந்ததும் மாத்திடுறேன்."

ஒரு லிட்டர் டப்பாவைக் கொடுத்தேன். நுரையைப் பசைபோலக் காட்டத்தான் என்று தெரிந்தே கொடுத்தேன். பரிசோதனை முடிந்தது, சீலிங்கை மூடினார்கள், அத்தான் கையெழுத்துப் போட்டார். மாற்றவேயில்லை.

போன செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு மூச்சு முட்டி இங்கேதான் சேர்த்தோம். மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு. எந்திரம்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது. கட்டிலை நகர்த்தவே கூடாது என்றார் டாக்டர். அவள் தலைக்குப் பின்னால் அத்தான் நுரை அடைத்த சுவர். அதற்கு அந்தப் பக்கம் மின்சார அறை.

மூன்று நாளாக அத்தான் சாப்பிடாமல் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்காகக் கடவுளிடம் வேண்டுகிறார் என்று நர்ஸ் நெகிழ்ந்துபோனாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனை இன்ஜினியரிடம் போனார்.

"சார், அந்தச் சுவத்துல பொய்யா அடைச்சிருக்கேன். திறக்கணும்."

"என்னய்யா உளர்றீங்க? சரியா இருக்குன்னு நீங்கதான கையெழுத்து போட்டீங்க?"

"அதுவும் பொய் சார்."

"எழுதிக் குடுத்தா லைசென்ஸ் போயிடும், தெரியும்ல?"

"போகட்டும் சார். என் பொண்டாட்டி நகர முடியாம கெடக்குறா."

எழுதினார்: மூன்றாம் மாடி, பதினேழு ஓட்டை.

மின்சார அறையில் ஏணி போட்டுச் சீலிங்கைத் திறந்தோம். வரிசையாகச் சிவப்பு. எது பசை, எது பெயிண்ட்? ஏணி மேலிருந்து அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. நான் கொடுத்தது அவ்வளவு நல்ல பெயிண்ட். கடைசியில் ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். முதல் குத்திலேயே சிவப்புத் தோல் உரிந்து மஞ்சள் தெரிந்தது. நுரையை உருவியதும் ஓட்டை வழியாக எந்திரச் சத்தம் கேட்டது. அக்காவின் எந்திரம். சத்தமே இப்படி வருகிறதென்றால் புகைக்கு எவ்வளவு நேரமாகும்? அத்தான் ஏணியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மதியத்துக்குள் பதினேழையும் பசையால் அடைத்துவிட்டார்.

"இவ்வளவுதானே?" என்றார் இன்ஜினியர்.

"ஆமா சார்" என்றார் அத்தான்.

உள்ளங்கை அகல ஓட்டைகள் பதினேழு. எவ்வளவு தாராளமாகப் பூசினாலும் கால் லிட்டருக்கு மேல் ஆகாது. ஒரு லிட்டர் எத்தனை ஓட்டைக்கு வரும் என்று ஒரு வருடமாக எனக்குத் தெரியும். வாயைத் திறந்ததில்லை.

"அத்தான், டப்பா காலியால்ல திரும்பி வந்துச்சு?"

அவர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இன்ஜினியர் கையிலிருந்த தாளை வாங்கி, பதினேழுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். இரண்டாம் மாடி, குழந்தைகள் வார்டு, இருபத்திரண்டு. முதல் மாடி, பிரசவ வார்டு. அங்கே எத்தனை என்று அவருக்கு நினைவில்லை.

"எல்லாத்தையும் திறங்க சார்" என்றார்.