ஐந்து கம்பி கிட்டார்

எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆறு கம்பிகள் இருக்க வேண்டும். அக்கா ஆவடியிலிருந்து பஸ்ஸில் மடியில் கிடத்திக் கொண்டுவந்ததில் ஐந்துதான் இருந்தன. வந்தவுடன் எண்ணியவன் நான். அப்போது நான்காம் வகுப்பு. "ஒண்ணு கொறையுதுக்கா" என்றேன். "எனக்கு அஞ்சே ஜாஸ்திடா" என்றாள்.

அன்று ஆயுத பூஜை. அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரேடியோ கம்பெனியில் ஒயர் பற்றவைக்கும் வேலை பார்த்தாள். போனஸ் வந்ததும் புடவை எடுப்பாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அவள் வாங்கியதோ, மெல்லிசைக் குழுவில் வாசித்து ஓய்ந்த ஆவடிக்காரர் ஒருவரின் பழைய கிட்டார். கூடவே ஒரு கறுப்பு ஒயர். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை அவர் முன்பே வேறு யாருக்கோ விற்றுவிட்டதால் அங்கே வாசித்துப் பார்க்க வழியில்லை. மறுநாள் மாலை ஆறு மணிவரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பதாகவும், சத்தம் வராவிட்டால் அதற்குள் திருப்பித் தந்துவிடலாம் என்றும், பிறகு மகன் ஊருக்கு ரயில் ஏறிவிடுவதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

"சத்தத்தயே கேக்காம வாங்கிகினு வந்துகீறியே, உன்ன நல்லா மொட்டையடிச்சுட்டாரு" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா எட்டிப் பார்த்தார். வயிறே இல்லாத அந்தத் தட்டை மரத்தைத் தடவிவிட்டு, "இன்னா கண்ணு, வீணை மேல லாரி ஏறிடிச்சா?" என்று கேட்டார்.

"ஆமா பெரியப்பா, நம்பரு நோட் பண்ணிகினேன்" என்றாள் அக்கா.

ஏமாந்துவிட்டாள் என்று நம்பினாலும் அப்பா பூஜையில் குறை வைக்கவில்லை. அவர் லேத் ஓட்டுகிறவர். எந்த இயந்திரத்துக்கும் எங்கெங்கே பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். திருப்புளி, அரிவாள்மணை, என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு. கிட்டாருக்கு மட்டும் ஒன்பது. முறுக்காணிகளுக்கு, குமிழ்களுக்கு, கடைசியாக ஒயர் செருகும் வட்ட ஓட்டைக்கு. மோதிர விரலால் சந்தனத்தை நன்றாக அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்றாள் அம்மா. அக்கா பொட்டுகளைத் துடைத்துவிட்டு ஒயரின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகினாள். மறுமுனையைப் பிரித்து, கிராமபோன் இணைப்பதற்காக ரேடியோவின் முதுகில் இருந்த இரண்டு ஓட்டைகளில் பொருத்தினாள். இது அவளே யோசித்த ஏற்பாடு. அந்த ரேடியோ அப்பாவின் உயிர்.

"ரேடியோ பூட்ச்சின்னா ஏழே கால் நியூஸ நீதான் படிக்கணும்" என்றார் அவர்.

ரேடியோ சூடேறி, அதன் நெற்றியிலிருந்த பச்சை விளக்குக் கண் திறந்தது. அக்கா கம்பியைத் தட்டினாள். டிங் என்று கம்பியே முனகியதோடு சரி. ரேடியோ வாய் திறக்கவில்லை. பெரியப்பா வீட்டாரையும் சேர்த்துக் கூடத்தில் பதினான்கு பேர் இருந்தோம். மதியத்துக்குள் அது நான்காகக் குறைந்தது. அக்கா ஒயரை மாற்றினாள், குமிழைத் திருகினாள், சாப்பிட வரவில்லை. நான்கு மணிக்கு அப்பா பழைய போர்வையும் கயிறும் எடுத்துவந்தார்.

"குடும்மா. ஆறுக்குள்ள போய்ச் சேரணும்."

அக்கா கிட்டாரை விடவில்லை. "ஒரு நிமிசம்ப்பா" என்று திருப்புளியை எடுத்து, வட்ட ஓட்டையைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உள்ளே ஒரு பித்தளை நாக்கு. அதன்மேல், ஒயர் முனை தொட வேண்டிய இடத்தில், சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டி ஊதினாள். மஞ்சள் தூள் அவள் தாவணியில் உதிர்ந்தது. சட்டென்று தட்டிவிட்டாள்.

"இன்னாது?" என்றார் அப்பா.

"அழுக்குப்பா. பழைய அழுக்கு."

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் குதிகால் என் கால்விரல்களை மிதித்தது.

தகட்டைப் பூட்டிக் கம்பியைத் தட்டினாள். தகரக் கூரைமேல் யாரோ இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடியதுபோல ரேடியோ முழங்கியது. போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். அக்கா ஒரே கம்பியில் தேடித் தேடி, கோயில் மைக்கில் ஓயாமல் ஓடும் ஒரு சினிமாப் பாட்டின் முதல் வரியைக் கண்டுபிடித்தாள். எத்தனை முறை தப்பு வந்தது என்பதை நான் எண்ணினேன், சொல்ல மாட்டேன். விரல் நுனிகளில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

"இன்னொரு வாட்டி அட்சி வுடு கண்ணு" என்றார் பெரியப்பா.

அம்பத்தூரில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்த முதல் பெண் என் அக்காதான். இல்லை என்கிறவர்கள் வேறொரு பெண்ணின் பெயரோடு வரட்டும்.

அப்பா போர்வையை மடித்து உள்ளே வைத்தார். சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே தள்ளினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா.

"ஆவடிக்கு. அந்த மனுசன் வாசல்லயே குந்திகினு இருப்பாரு. பொண்ணு வாசிச்சிடிச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் விளக்கினேன். ஆறு மணிவரை நாம் போகாவிட்டால் கிட்டார் வேலை செய்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கத்தான் போக வேண்டும். கொடுக்காமல் இருப்பதற்கு எதற்கு அவ்வளவு தூரம் மிதிக்க வேண்டும்? அப்பா என் தலையில் கைவைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

என் கணக்கில் பிழையே இல்லை. விடுமுறை நாள், தெருவில் குறுக்கே ஒரு கோழிகூட இல்லை. அப்படியிருக்க அவர் ஏன் திருப்பம்வரைக்கும் மணியடித்துக்கொண்டே போனார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.