பேடல் கோர்ட்டும் ஒரு ரப்பர் வாஷரும்

கண்ணாடி மாட்டிப் பிழைப்பவன் எவனும் நிம்மதியாகத் தூங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கோயமுத்தூர் கணபதியில் பதினெட்டு வருடமாகக் கடை முகப்பு, குளியலறைத் தடுப்பு என்று இதே பிழைப்பு. மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் காது அங்கேயேதான் இருக்கும். உங்கள் தொழிலிலும் இப்படி ஏதோ ஒரு சத்தத்துக்குப் பயந்து சாகிறவர்கள் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

அடிப்பதற்கென்றே ஒரு கண்ணாடி

அவினாசி ரோட்டில் விளையாட்டு மைதானம் நடத்தும் லோகநாதன் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். பேடல் கோர்ட் கட்டப்போகிறாராம். நான் கேள்வியேபடாத பெயர். டென்னிஸ் மாதிரி நடுவில் வலை, ஆனால் கோர்ட்டையே பெட்டி போட்டு அடைத்துவிடுவார்கள். இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். இரண்டு பின்சுவரும் முழுக்கக் கண்ணாடி, பக்கவாட்டில் மூலைகளில் கண்ணாடி, மீதி கம்பி வலை.

“பந்து கண்ணாடியில படாதுங்களே?” என்று கேட்டேன். படவேண்டும், அதுதான் ஆட்டமே என்றார். சமயத்தில் ஆளும் வந்து மோதுவார்களாம். கோர்ட் முடிந்த கையோடு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து ஆடும் போட்டி வேறு. அவர் சிரித்தபடி சொன்னது:

“கண்ணாடியில பட்டா ஆட்டம் நிக்காதுங்க, உடஞ்சாத்தான் நிக்கும். அதைய மட்டும் நீங்க பாத்துக்கோங்க.”

மருமகள் உள்ளே, நான் வெளியே

கோர்ட்டை மாட்டி முடித்ததும் உள்ளூர் ஆட்கள் பழக வந்தார்கள். கோச் அனிதா எனக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்துக்கு இரண்டு பேர். மட்டையில் நரம்பு கிடையாது, பலகை மாதிரி இருக்கும், ஓட்டை ஓட்டையாய். சர்வீஸை இடுப்புக்குக் கீழேதான் போடவேண்டும். எதிராளி பக்கம் பந்து முதலில் தரையில் குத்தவேண்டும். நேரே கண்ணாடியில் அடித்தால் பாயின்ட் போச்சு. தரையில் குத்திக் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால், மறுபடி தரையைத் தொடுவதற்குள் திருப்பி அடிக்கலாம். மட்டையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆடக்கூடாது என்றார். கயிறு அறுந்தால் மட்டை எங்கே போகும் என்று கேட்டேன்.

பந்து ‘டொம்’ என்று பட்டபோதெல்லாம் என் கண் தானாக மூடிக்கொண்டது. மருமகள் ஆடுவதைப் பார்க்கச் சூலூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, கொஞ்ச நேரம் என்னையே கவனித்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க, எம்பட மருமக உள்ள நின்னு ஆடறா, நானே தகிரியமாப் பாக்கறேன். வெளிய நிக்கற நீங்க எதுக்குங்க கண்ண மூடிக்கறீங்க?”

பையில் ஒன்று மிச்சம்

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. இரும்பு கண்ணாடியைத் தொடக்கூடாது. ஒவ்வொரு போல்ட்டிலும் நடுவில் ரப்பர் வாஷர் வேண்டும். அன்றன்றைக்குத் தேவையான வாஷரை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். பை காலியானால் வேலை சுத்தம்.

போட்டியின் கடைசி நாள் காலை, ராசியாக இருக்கட்டுமே என்று கோர்ட் மாட்டிய அதே வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மைதானத்தில் பேனா எடுக்கக் கைவிட்டால், துவைத்த சட்டையின் மடிப்புக்குள் ஒரு வாஷர். அப்படியானால் எங்கோ ஒரு போல்ட்டில் இரும்பு நேராகக் கண்ணாடியை அழுத்திக்கொண்டிருக்கிறது. சூடேற்றிக் கெட்டியாக்கிய இந்த டஃபன்டு கண்ணாடி கீறல் விடாது. இன்றைக்கோ நாளைக்கோ மொத்தமாக வெடித்துக் கல்கண்டாகக் கொட்டும். உள்ளே முதல் செமிஃபைனல் ஆரம்பமாகிவிட்டது. கூட வேலை செய்யும் சின்னராசிடம், ஒருவேளை நீ எண்ணிக்கைக்கு மேல் ஒன்று எச்சாகக் கொடுத்திருப்பாயோ என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

“இல்லீங்ண்ணா. நாந்தான் ரெண்டு தரம் எண்ணிக் குடுத்தனுங்களே.”

முன்வரிசை

வாஷர் இருந்தால் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு நுழையும். மேட்சுக்கு மேட்ச் கிடைத்த இடைவெளியில் ஒவ்வொரு போல்ட்டாகக் கார்டை நுழைத்துப் பார்த்தோம். ஃபைனலுக்குக் கால்மணி இருக்கும்போது, வடக்குப் பின்சுவரில் நாலாவது கண்ணாடியில் கார்டு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் முன்வரிசையில் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள், மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு.

இத்தனை நாள் தாங்கியது இன்னும் ஒரு மணி நேரம் தாங்காதா என்று ஒரு புத்தி சொன்னது. வாயைத் திறந்தால் கோயமுத்தூரில் இனி யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றும் அதே புத்தி சொன்னது. ஒரு பிள்ளை கண்ணாடியில் ஆவி ஊதி விரலால் பூ வரைந்துகொண்டிருந்தது. லோகநாதனிடம் போய், “தப்பு என்னோடதுங்க” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளைகளை எழுப்பி எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டு, என்னிடம் வந்து சொன்னார்:

“இத்தன பேரு பாத்துட்டு இருக்கறாங்க. மெதுவாச் செய்யுங்க, ஆனா கண்ண மட்டும் மூடிப்போடாதீங்க.”

இரண்டு உள்ளங்கை

நடுவர் பத்து நிமிடம் கொடுத்தார். போல்ட்டைத் தளர்த்தும் கணம்தான் ஆபத்து. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தால் தீர்ந்தது. சின்னராசு வெளியிலிருந்து தாங்கினான். உள்பக்கம் தாங்க ஆளில்லை. ஃபைனலுக்குத் தயாராக நின்ற ஸ்பெயின்காரர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து, இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்து நின்றார். ஸ்பேனரைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். என் உயிர் போய் வந்தது. வாஷர் உள்ளே போனதும் அவர் ஏதோ சொன்னார், அனிதா மொழிபெயர்த்தார்:

“ஆயுசு பூரா கண்ணாடிய நம்பியே ஆடிட்டாராம். அதுக்குப் பின்னாடி இப்படிப் பயப்படறதுக்கு ஒரு ஆள் இருக்கறது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம்.”

மறுநாள்

ஃபைனலில் அதே மனிதர் அதே கண்ணாடியில் முதுகால் மோதினார். கண்ணாடி அதிர்ந்து, நின்றது. அன்று நான் கண்ணை மூடவில்லை. மறுநாள் லோகநாதன் போன் செய்தபோது, திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

“தப்ப மறைக்காமச் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தானுங்க அடுத்த வேலையும் உங்களுக்கே தாரேன். சத்தியமங்கலத்துல நம்ம சம்பந்தி ரெண்டு கோர்ட் போடறாரு; மேல கூரையும் கண்ணாடியிலயே வேணுமாமுங்க.”

உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், எங்கள் தொழிலில் அது தலைக்கு மேலே ஏறிக்கொள்ளும் என்று சொல்லிவையுங்கள்.